மூன்று ரிசீவரும் ஒரு குரலும்

அத்தியாயம் பதினேழு

"சரி, கொண்டு வா. கேட்டுப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று அப்பா தலையாட்டிய இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தோம்.

அப்பா ஒரு விஷயத்துக்குத் தலையாட்டுவது லேசுப்பட்ட காரியமில்லை. நகரத்துக்கே தண்ணீர் அனுப்பும் பம்ப் நிலையத்தில் தலைமைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே எல்லோரும் அவருக்கு வைத்த பெயர் 'ஹெச்.பி.' மோட்டாரின் குதிரைசக்தியைத் தவிர உலகத்தில் வேறெந்த எண்ணையும் அவர் மதித்ததில்லை. அதனால் வந்த பட்டம் அது.

அவர் மனம் மாறுவதற்குள் சின்னவள் முந்திக்கொண்டாள். அவளுக்கு ஹோம் தியேட்டர் கடையில் வேலை. முதலாளியைக் கெஞ்சிக் கூத்தாடி மூன்று ரிசீவர்களை இரவல் வாங்கி, விடுமுறை நாள் காலையிலேயே வாடகை வண்டியில் ஏற்றி வந்துவிட்டாள். டிவியிலிருந்து வரும் ஒலியை வாங்கிப் பிரித்து, அறையைச் சுற்றியுள்ள ஐந்து ஸ்பீக்கர்களுக்கும் அனுப்பி வைக்கும் பெட்டிதான் ரிசீவர். ஒவ்வொன்றும் ஒரு அம்மிக்கல் கனம். மூன்றாம் மாடிக்கு அவற்றைத் தூக்கி வந்த அண்ணன், கடைசிப் படியில் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டான்.

"ஏய், சத்தம் கேக்குறதுக்கு எதுக்குடி இவ்வளவு இரும்பு?"

"இதுல ஒண்ணுதான் தங்கப்போகுது. மத்த ரெண்டையும் சாயங்காலம் நீதான் இறக்கணும்" என்றாள் சின்னவள். அண்ணன் முகம் போன போக்கைப் பார்த்து அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

வெளியில் பார்த்தால் இது ஒரு சாமான் வாங்கும் சமாச்சாரம். ஆனால் சின்னவளுக்கு இதில் வேறு கணக்கு இருந்தது. அப்பாவும் பெரியவளும் பேசிக்கொள்ள வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். அதற்கு ஒரு வழி கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தவள், இந்த ரிசீவர் பேச்சு கிளம்பியதும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

பெரியவள் கதையைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக ஒரு வார்த்தை. மூன்று வருடங்களுக்கு முன்னால், அப்பா சிபாரிசு செய்து வாங்கிக் கொடுத்த தண்ணீர் வாரிய வேலையை உதறிவிட்டு, படங்களுக்கும் நிகழ்ச்சிகளுக்கும் குரல் கொடுக்கும் தொழிலுக்குப் போகிறேன் என்றாள் அவள். விருந்தாளிகள் நான்கு பேர் சாப்பிட உட்கார்ந்திருந்த நேரம். அப்பா எல்லோர் முன்னாலும் கேட்டார்: "உன் குரலை எவன் உக்காந்து கேக்கப்போறான்?"

பெரியவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "அப்ப இந்த வீட்ல இனிமே என் குரல் கேக்காது" என்றாள். மறுநாள் அரைநாள் பயண தூரத்தில் இருக்கும் வேறொரு ஊருக்குப் போய்விட்டாள்.

ரோஷத்தில் அப்பனுக்குத் தப்பாத பெண். சொன்னதை அட்சரம் பிசகாமல் காப்பாற்றினாள். அம்மாவிடம் பேசுவாள், ஆனால் அம்மா வீட்டுக்குள் இருந்தால் பேச மாட்டாள். அதனால் அம்மா போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விடுவாள். "துணி காயப்போடப் போறேன்" என்று வெறுங்கையோடு கிளம்புவாள். அப்பா பேப்பரை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொள்வார்.

போன வருடம்தான் டிவியில் அந்தக் கடல் நிகழ்ச்சி ஆரம்பித்தது. வாரம் ஒரு உயிரினம். முதல் வாரம் கடற்குதிரை. திரையில் நீலம் விரிந்தது. பின்னணியில் ஒரு பெண் குரல் பேச ஆரம்பித்தது. அம்மா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். அண்ணன் சின்னவளைப் பார்த்தான். சின்னவள் தரையைப் பார்த்தாள். அப்பா மட்டும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நால்வருக்கும் தெரிந்துவிட்டது, நால்வரும் வாயைத் திறக்கவில்லை.

அன்றிலிருந்து இந்த வீட்டில் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை வாரம் தவறாமல் நடந்துவருகிறது. அவளுக்குப் பெயர் 'அந்த நிகழ்ச்சியில பேசுறவங்க.' சொந்த அக்காளை 'பேசுறவங்க' என்று சொல்லிச் சொல்லிச் சின்னவளுக்கு நாக்கே அலுத்துப்போயிருந்தது.

இப்போது சில வாரங்களாக அப்பாவுக்கு ஒரு குறை. "பேச்சு சரியில்ல. கரகரங்குது." முதலில் டிவியைத் திட்டினார். பிறகு கேபிளை. பிறகு கடல் அலைகளைக்கூட விட்டுவைக்கவில்லை. கடைசியில் பழைய ரிசீவர்தான் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று.

"எதுல எவ்வளவு வாட்ஸ்?" என்றார் அப்பா, பெட்டிகளைப் பிரிப்பதற்கு முன்பே.

முதல் பெட்டியின் நெற்றியில் கொட்டை எழுத்தில் 'நூற்று எண்பது வாட்ஸ்' என்று போட்டிருந்தது. அப்பா அதைக் கையால் தடவிப் பார்த்தார். "இதுதான். முடிஞ்சுது. மத்த ரெண்டையும் பிரிக்கவே வேணாம்."

"அவசரப்படாதீங்கப்பா. அது ஒரே ஒரு ஸ்பீக்கரை மட்டும் ஓட்டி எடுத்த கணக்கு. அஞ்சையும் சேர்த்து ஓட்டுனா இதுல பாதிகூடத் தேறாது."

அப்பா நிமிர்ந்தார். அவருடைய தொழிலையே யாரோ கேலி செய்துவிட்ட மாதிரி முகம் சிவந்தது. ஆனால் மனிதருக்கு நியாயம் பிடிபட்டுவிட்டது. "ஒத்தைக் குழாயைத் திறந்து வெச்சு அழுத்தம் அளந்திருக்கான். ஊர்க் குழாய் எல்லாத்தையும் திறந்தா தெரியும் இவன் வண்டவாளம். இதைக் கேக்க ஆளே இல்லையா?"

"எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க. இன்னொண்ணு, வாட்ஸ் ரெட்டிப்பானா சத்தம் ரெட்டிப்பாகாதுப்பா. காதுக்குக் கொஞ்சந்தான் கூடத் தெரியும்."

"கீழ இருக்குற பொடி எழுத்தைப் பாருங்க" என்று குனிந்தான் அண்ணன். அவனுக்குத் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை. குடிக்கத் தண்ணீர் கொடுத்தால்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பான். சின்னவள் அவனுக்கு வைத்த பெயர் 'வடிகட்டி.' "டிஸ்டார்ஷன் பத்து சதவீதம்னு போட்டிருக்கான். அப்படின்னா என்ன?"

"உள்ள போன சத்தத்துல இல்லாததைப் பெட்டியே தானா சேர்த்து விடுறது. அவ்வளவு சேர்த்தாதான் அந்த நூத்தியெண்பது வரும்."

"பத்து சதவீதம் அழுக்கா! எங்க லேப்ல அதுக்குப் பேர் தண்ணி இல்லப்பா, சாக்கடை."

இருந்தாலும் அப்பாவின் திருப்திக்காக அதையே முதலில் மாட்டினார்கள். "எதைப் போட்டுப் பார்க்கலாம்?" என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டாள் சின்னவள்.

"எதையாவது போடு." அப்பா சோபாவின் நடுவில் உட்கார்ந்தார். "அந்த… கடல் நிகழ்ச்சியே இருக்கட்டும். போன வாரம் வந்துச்சே, ஆமை."

அம்மா பீன்ஸ் நறுக்கும் பலகையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

திரையில் இரவுக் கடற்கரை. ஒரு பெரிய ஆமை மணலைத் தோண்டுகிறது. ஐந்து ஸ்பீக்கரும் அலையடித்தன. அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. கீழ்வீட்டுக்காரர் இன்னும் மேலே ஏறி வரவில்லையே என்று அம்மா வாசலைப் பார்த்தாள். அதற்கு நடுவே பெரியவளின் குரல்: 'முட்டையிட்டு முடித்ததும் அது திரும்பிப் பார்ப்பதில்லை. நேராகக் கடலுக்குப் போய்விடுகிறது.'

'கடலுக்கு' என்ற சொல்லில் குரல் கீறியது.

"அதான்! கேட்டுச்சா? கரகரங்குது" என்றார் அப்பா.

"அழுக்குப்பா. நான் சொன்னேன்ல" என்றான் வடிகட்டி.

இரண்டாவது பெட்டி அண்ணன் கட்சி. வாட்ஸ் குறைவு, ஆனால் ஐந்து ஸ்பீக்கரையும் சேர்த்து ஓட்டி எடுத்த யோக்கியமான கணக்கு. டிஸ்டார்ஷன், புள்ளிக்குப் பிறகு ஒரு பூஜ்யம் போட்டு அதன்பின் ஒரு ஐந்து. அந்த எண்ணை அண்ணன் கைக்குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தான். "சுத்தம்னா இது சுத்தம்."

"அந்த அளவுக்குக் கீழ போயிட்டா மனுஷக் காதுக்கு வித்தியாசமே தெரியாதுண்ணா. விளம்பரத்துக்குத்தான் ஆகும்."

"உன் கடை முதலாளி இதைக் கேட்டாருன்னா உன்னை வேலையை விட்டுத் தூக்கிடுவாரு."

மறுபடியும் ஆமை. மறுபடியும் மணல். அலை இப்போது அடங்கி, நல்ல பிள்ளையாக வந்து போனது. 'நேராகக் கடலுக்குப் போய்விடுகிறது.'

கீறல் அப்படியே இருந்தது. அண்ணன் தாடையைச் சொறிந்தான்.  அப்பா உதட்டைக் கடித்தார். சின்னவளுக்கு மனதில் லேசாக என்னவோ நெருடியது. ஆனால் தன் கட்சிப் பெட்டி இன்னும் பாக்கி இருக்கும் உற்சாகத்தில் அதைத் தள்ளிவிட்டாள்.

மூன்றாவது பெட்டி வாட்ஸிலும் நடுத்தரம், சுத்தத்திலும் நடுத்தரம். அதன் சாமர்த்தியம் வேறு. கூடவே ஒரு குட்டி மைக் வரும். அதை நாம் உட்காரும் இடத்தில் வைத்துவிட்டால், ஸ்பீக்கர்களிலிருந்து விஷ்க் விஷ்க்கென்று ஒலி அனுப்பி, அறை அதை எப்படிக் கெடுக்கிறது என்று தானே கேட்டுத் தெரிந்துகொள்ளும். பிறகு அந்தக் கெடுதலுக்கு எதிராகத் தன் ஒலியைத் திருத்திக்கொள்ளும்.

அப்பா பலமாகச் சிரித்தார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். பெட்டி சரியா பாடலேன்னா வீட்டுச் சுவர் மேல பழியா?"

"நம்ம வீட்ல நெஜமாவே கூடம் கோணல்தாம்பா. நீங்களே பாருங்க."

அதை மறுக்க முடியாது. தெருமுனைக் கட்டடம் என்பதால் கூடத்தின் ஒரு சுவர் சாய்ந்தே ஓடும். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி ஜன்னல். எதிர்ப்பக்கம் புத்தக அலமாரியும் திரைச்சீலையும். தரை வழவழப்பான டைல்ஸ். கையைத் தட்டினால் ஜன்னல் பக்கம் இரண்டு தடவை கேட்கும். வீடு வாங்கும்போது அம்மா இதைச் சொன்னாள். கோணலில்தான் காற்று வரும் என்று அன்றைக்கு அப்பா அடித்துப் பேசியிருந்தார்.

"நான் ஜன்னலெல்லாம் சாத்திட்டு வர்றேன். ஃபேனையும் நிறுத்தணும். மைக்கை நீங்களே வைங்கப்பா. முக்கியமான ஆள் உக்கார்ற இடத்துல, காது இருக்குற உயரத்துல வைக்கணும். அப்புறம் யாரும் மூச்சுக்கூட விடக் கூடாது."

இந்த வீட்டில் யாரும் பேசாமல் இருப்பது என்பது பொல்லாத காரியம். முதல் தடவை அண்ணன் தும்மினான். இரண்டாம் தடவை அம்மா, "பால் அடுப்புல இருக்குதே!" என்று ஓடினாள். மூன்றாம் தடவைதான் விஷ்க் ஒலிகள் ஒவ்வொரு மூலையாகச் சுற்றி வந்து ஒழுங்காக முடிந்தன.

திரையில் கணக்கு வந்தது. சின்னவள் படித்துப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினாள். இடது ஸ்பீக்கர் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாகவும், வலது ஸ்பீக்கர் அறையின் அடுத்த கோடியில் இருப்பதாகவும் காட்டியது. சோபாவின் நடுவில் உட்காருகிற அப்பாவுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒரே தூரம்தானே?

நிகழ்ச்சியைப் போட்டால் இன்னும் மோசம். குரல் முழுக்க வலது பக்கமாக இழுத்துக்கொண்டு போனது.

"இதுதான் உன் புத்திசாலிப் பெட்டியா?" என்றான் அண்ணன்.

சின்னவள் திரும்பினாள். மைக் சோபாவில் இல்லை. ஜன்னலோரத்து ஒற்றை நாற்காலியில் இருந்தது.

அது பெரியவளின் நாற்காலி. மூன்று வருடமாக அதில் யாரும் உட்காருவதில்லை. உட்காரக் கூடாது என்று யாரும் சொன்னதுமில்லை. அப்பா அதன்மேல் இரண்டு மெத்தைகளை அடுக்கி, அதன்மேல் பழைய பம்ப் கையேட்டைப் படுக்கப்போட்டு, மைக்கை நிறுத்தியிருந்தார். அப்பா நெட்டை. இது அவர் காது உயரமில்லை. அம்மாவின் உயரமும் இல்லை. அந்த நாற்காலியில் பெரியவள் உட்கார்ந்தால் அவள் காது எங்கே இருக்குமோ, சரியாக அங்கே இருந்தது மைக்.

அண்ணன் வாயைத் திறந்தான். அம்மா ஒரு பார்வை பார்த்தாள். வாய் மூடிக்கொண்டது.

"அப்பா, நீங்க உக்கார்ற இடத்துல வைக்கணும்" என்றாள் சின்னவள், எவ்வளவு சாதாரணமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு சாதாரணமாக.

அப்பா நாற்காலியைப் பார்த்தார். செய்ததை அவரே இப்போதுதான் பார்ப்பது போல இருந்தது. "முக்கியமான ஆள் உக்கார்ற இடம்னு நீதானே சொன்னே" என்றார்.

பெட்டி என்ன செய்யும் பாவம்? ஊரில் இல்லாதவளுக்காக வீடு முழுவதையும் திருத்தி வைத்திருந்தது.  சின்னவளுக்கு அடி மனதில் சந்தோஷம் பொங்கியது. கல்லுளிமங்கன் என்று நினைத்த அப்பா, மகளின் காது உயரத்தைக் நூலளவு பிசகாமல் நினைவு வைத்திருக்கிறார்!

மைக்கைத் தூக்கிச் சோபாவுக்கு மாற்றி மறுபடி ஓட்டினார்கள். இந்தத் தடவை யாரும் தும்மவில்லை, பாலும் பொங்கவில்லை. ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நால்வரும் அப்படியொரு அமைதியில் நின்றார்கள்.

பிறகு ஆமை வந்தது.

கூடத்தின் கோணல் போன இடம் தெரியவில்லை. அலை எங்கிருந்து வருகிறது, மணல் எங்கே சரிகிறது என்று விரலால் தொட்டுக் காட்டலாம். நிகழ்ச்சியில் பேட்டி கொடுத்த படகோட்டியின் பேச்சு, அவர் எதிரிலேயே உட்கார்ந்து பேசுவது போலக் கேட்டது. ஆமை ஆராய்ச்சி செய்கிற அம்மாள் ஒருத்தி பேசினாள். அவள் சொல் ஒவ்வொன்றும் பளிச்சென்று இருந்தது.

"அடேங்கப்பா" என்றான் வடிகட்டி, கட்சி மாறி.

அப்புறம் பெரியவள் பேசினாள். நடுவிலிருந்து, நேராக, கூடத்துக்குள்ளேயே வந்து நின்றது குரல். அம்மாவின் கத்தி பலகையில் நின்றுவிட்டது. 'முட்டையிட்டு முடித்ததும் அது திரும்பிப் பார்ப்பதில்லை. நேராகக் கடலுக்கு…'

கீறல் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. அந்த ஒரு இடத்தில் மட்டுமில்லை. வாக்கியத்தின் தொடக்கத்தில் மூச்சைப் பிடித்துத் தள்ள வேண்டியிருந்தது. முடிவில் சொல் தேய்ந்தது.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "பழசைப் போடு. முதல் வாரம். கடற்குதிரை."

போட்டாள். பெரியவளின் குரல் நல்ல தண்ணீர் போல வழுக்கிக்கொண்டு வந்தது. ஒரு பிசிறு இல்லை.

"நடுவுல ஏதாவது. நண்டு போடு."

நண்டிலும் இல்லை.

"சுறா."

சுறாவில் இரண்டு இடங்களில் லேசாக இருந்தது.

அப்பா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். மோட்டாரின் ஓசையிலிருந்தே உள்ளே எந்த பேரிங் தேய்கிறது என்று சொல்லிவிடுவார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அந்த மாதிரிதான் இப்போதும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்திருந்தார்.

அண்ணன்தான் மெல்ல ஆரம்பித்தான். "மூணு மெஷின்ல போட்டாலும் ஒரே ரிசல்ட் வந்தா, மெஷின்ல தப்பில்ல. சாம்பிள்லதான்…" சொல்லி முடிக்கவில்லை. அந்த சாம்பிள் யார் என்று அவனுக்கே உறைத்துவிட்டது.

வாட்ஸ் இல்லை. டிஸ்டார்ஷன் இல்லை. கூடத்தின் கோணலும் இல்லை.

"அக்காவுக்குத்தான் குரல் சரியில்ல" என்றாள் சின்னவள்.

'அக்கா' என்ற வார்த்தை இந்தக் கூடத்தில் கேட்டு எத்தனை காலமாயிற்று! பூமி பிளக்கவில்லை. யாரும் அவளை அதட்டவில்லை. அப்பா அம்மாவைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?"

"ரெண்டு மாசமா சளின்னுதான் சொல்லிக்கிட்டு இருக்கா." அம்மா பீன்ஸ் பலகையைத் தள்ளி வைத்தாள். "போன்ல எல்லாருக்குமே குரல் அப்படித்தானேங்க கேக்கும்? நானும் சளிக் குரல்னுதான் நினைச்சேன். கஷாயம் வெச்சுக் குடிடின்னு சொன்னேன்."

"ரெண்டு மாசம் யாருக்காவது சளி பிடிக்குமா?" அப்பா கையை நீட்டினார். "போனைக் குடு."

அம்மா கொடுக்கவில்லை. போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "கோபமா ஏதாவது பேசிடுவீங்க."

"பேச மாட்டேன்."

"பேசுவீங்க. உங்களை எனக்குத் தெரியாதா?"

"தெரியும்ல? அப்ப நீயும் கூட வா. பேசுனேன்னா பிடுங்கிக்கோ."

அவர் வாசல் கதவைத் திறந்து மாடிப்படிக்குப் போனார். வீட்டுக்குள்ளிருந்து பேசினால் பெண் பேச மாட்டாள் என்பது அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. பேப்பருக்குப் பின்னால் இருந்தவர் இத்தனை நாளும் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். செருப்புக்கூடப் போடாமல் படியில் உட்கார்ந்தார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எண்ணை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு அவர் கையில் கொடுத்தாள். அண்ணனும் சின்னவளும் வாசல் நிலையில் சாய்ந்து நின்றார்கள்.

"சொல்லும்மா." காற்று மட்டும் வந்தது போல இருந்தது. குரல் என்று சொல்ல அதில் பாதிதான் இருந்தது.

அப்பா தொண்டையைச் செருமினார். "அம்மா இல்ல. நான்."

வைத்துவிட்டாளோ என்று சின்னவள் எட்டிப் பார்த்தாள். இல்லை, இணைப்பு இருந்தது.

அப்பாவுக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. அவருக்குத் தெரிந்ததைப் பேசினார். "ஆமை பார்த்தேன். 'நேராகக் கடலுக்கு'ன்னு சொல்ற இடத்துல குரல் உடையுது. அதுக்கு முன்னாடி சுறால ரெண்டு இடம். நண்டுல இல்ல. அப்ப நண்டுக்கும் சுறாவுக்கும் நடுவுலதான் ஆரம்பிச்சிருக்கு. சரியா?"

"நீங்க… பாக்குறீங்களா?"

"ஒரு வாரம்கூட விடல. டாக்டர்கிட்ட போனியா?"

"போனேன்ப்பா. குரல் நாண்ல முடிச்சு மாதிரி இருக்காம். புதன்கிழமை ஆபரேஷன். அதுவரைக்கும் பேசவே கூடாதுன்னு…"

"அப்ப ஏன் பேசுற? வாயை மூடு!"

படிக்கட்டே அதிர்ந்தது. அம்மா தலையில் அடித்துக்கொண்டு போனைப் பிடுங்கக் கையை நீட்டினாள். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். இத்தனை பாடுபட்டு இங்கே கொண்டுவந்து சேர்த்தால், ஒரே அதட்டலில் போட்டு உடைத்துவிட்டாரே என்று சின்னவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்பா போனை விடவில்லை.  "நீ பேசாதம்மா" என்றார், இந்தத் தடவை மெதுவாக. "நான் பேசுறேன். நீ கேளு."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.

"பம்ப் ஹால்ல மோட்டார் ஓடுறப்ப ஒருத்தர் பேசுறது ஒருத்தருக்குக் கேக்காது. நாங்க குழாய் மேல ஸ்பேனரால தட்டித்தான் பேசிக்குவோம். ஒரு தட்டுன்னா ஆமா. ரெண்டு தட்டுன்னா இல்ல. நீ போன் மேல நகத்தால தட்டு. புரிஞ்சுதா?"

டக்.

சின்னவள் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டர், குரல் திரும்ப வந்துடும்னு சொன்னாரா?"

டக். சற்றுப் பொறுத்து அவளே தணிந்த மூச்சில், "பெரும்பாலும்" என்றாள்.

"பேசாதன்னு சொன்னேன்! சரி. அங்க கூட யாராவது இருக்காங்களா?"

டக் டக்.

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். 

"பயமா இருக்கா?"

டக்.

"எனக்கும்தான்" என்றார் அப்பா. ஹெச்.பி. என்று பெயர் வாங்கிய மனிதர், மனைவி மக்கள் எதிரில் முதன்முறையாக அப்படிச் சொன்னார். "உன் குரலை எவன் உக்காந்து கேப்பான்னு அன்னைக்குக் கேட்டேன். நான்தாம்மா கேக்குறேன். வாராவாரம் சோபால உக்காந்து நான்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன். அன்னைக்குச் சொன்னது தப்பு. மூணு வருஷமா தெரியும். சொல்றதுக்குத்தான் வாய் வரல."

 கீழ் மாடியில் யாரோ வாளி நகர்த்தினார்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட மறந்து போனையே பார்த்திருந்தாள்.

"நான் அங்க வரட்டுமா?" என்றார் அப்பா.

பதில் இல்லை.

அவர் இன்னொரு முறை கேட்கவில்லை. அவசரப்படுத்தவும் இல்லை. கேட்ட கேள்வியை அப்படியே விட்டுவிட்டுக் காத்திருந்தார். பொறுமை என்ற சொல்லையே கேள்விப்படாத மனிதர் அவ்வளவு நேரம் அசையாமல் இருந்ததைச் சின்னவள் அதுவரை பார்த்ததில்லை.

டக்.

அதற்குப் பிறகு இன்னொன்று வந்துவிடுமோ என்று நால்வரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அம்மாவின் விரல்கள் அப்பாவின் முழங்கையை இறுக்கிப் பிடித்தன. அண்ணனின் உதடு அசைந்தது. வேண்டாம், வேண்டாம் என்று அவன் முணுமுணுப்பது சின்னவளுக்கு மட்டும் கேட்டது.

இரண்டாவது தட்டு வரவில்லை.

அப்பா போனைக் கையில் பிடித்தபடியே எழுந்து நின்றார். அம்மாவிடம் திரும்பி, "என் பயணப் பை எங்க இருக்கு?" என்றார்.